ரேஸ் ஓட நிற்கும் மகனும் கராஜ்கார அப்பாவும்

அன்புள்ள அக்கா,

ஓ/எல் (சாதாரண தரப்) பரீட்சை முடித்த மகன் இனிப் படிக்க மாட்டேன், கார் ரேஸ்தான் ஓடுவேன் என்று நிற்கிறார். அப்பா கராஜைப் பார் என்கிறார். நடுவில் கிடந்து நித்திரை இல்லாமல் தவிப்பது நீங்கள். களுவாஞ்சிகுடியில் இருந்து கல்முனை வரை உங்கள் கணவர் கைவைத்த வாகனம் என்றால் சனம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்று ஊர் மகனின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். அந்தப் பாரத்தைத்தான் நான் முதலில் யோசிக்கிறேன்.

கார் பந்தய வீரர் டேமன் ஹில்லை மகனுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய அப்பா கிரகாம் ஹில் 1962இலும் 1968இலும் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன். 1975இல், தான் ஓட்டிவந்த சிறு விமானம் விழுந்து அவர் இறந்தபோது டேமனுக்கு வயது 15. அதில் இறந்த மற்றவர்களின் குடும்பங்கள் போட்ட நட்டஈட்டு வழக்குகளில் குடும்பச் சொத்து கரைந்தது. உலகறிந்த பெயர் இருந்தும், டேமன் கூலி வேலை செய்தும் லண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தும்தான் பந்தயச் செலவைத் தேடினார். முதலில் ஓடியது பைக் பந்தயம். கார் என்றால் ஆபத்துக் குறைவு என்று அவரைப் பிரான்சில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது அம்மாதான். ஃபார்முலா 1இல் கால்வைக்கும்போது 31 வயது. 1994இல் ஒரே புள்ளியில் பட்டம் கைநழுவி, 1996இல்தான் கிடைத்தது. அப்பனும் மகனும் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்தடவை. அப்போதும் அவர் தலையில் இருந்தது அப்பாவின் அதே கருநீலத் தலைக்கவசக் கோலம், வெள்ளைத் துடுப்புகளோடு.

பெயர் கதவைத் திறக்கலாம். டயருக்கும் பெற்றோலுக்கும் அது காசு தராது. நம் நாட்டில் பந்தயம் ஓடியே குடும்பம் நடத்துவது மிக அரிது. மட்டக்களப்பில் பந்தய ஓடுதளமே இல்லை. கார்ட் எனும் சிறு பந்தயக் கார் பழக வேண்டுமென்றாலும் களுத்துறை மாவட்டத்துப் பண்டாரகம பக்கம் போக வேண்டும். ஆகவே ஆசையை அடக்கச் சொல்ல மாட்டேன், படிப்பை விடவும் சம்மதிக்க மாட்டேன்.

கணிதமும் விஞ்ஞானமும் ஓரளவு வந்திருந்தால் ஏ/எல்லில் (உயர்தரத்தில்) பொறியியல் தொழில்நுட்பம் எடுக்கட்டும். பாடப்புத்தகம் கசக்கிறது என்றால் மோட்டார் வாகனத் துறையில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) பாடநெறி, அல்லது மொறட்டுவையில் உள்ள ஜெர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனம். எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்குப் பந்தய அணிகளிலும் வேலை உண்டு, கம்பனி வேர்க்‌ஷொப்பிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. உங்கள் கணவரும் இதைக் கவனிக்கலாம்: இத்தனை வருட அனுபவத்தை மதிப்பிட்டு அவருக்கே என்.வி.கியூ சான்றிதழ் வழங்கும் முறை அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் இருக்கிறது.

இன்னொன்று அக்கா. அனுமதிப்பத்திரம் எடுக்க 18 வயது ஆகவேண்டும். அதுவரை கல்முனை றோட்டில் கூட்டாளிமாரோடு பந்தயம் ஓட விடவே வேண்டாம். இதில் மட்டும் நீங்களும் உங்கள் கணவரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். பின்னேரம் கராஜில் வேலை செய்யட்டும், ஆனால் மற்றப் பெடியன்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தை அப்பா அவர் கையில் கொடுக்கட்டும். அந்தக் காசில் சேர்த்து முதல் கார்ட் பயிற்சிக்கு அவரே போகட்டும்.

பெறுபேறு வந்ததும் மூவருமாக வாருங்கள். மகனிடம் நான் தனியாகவும் கொஞ்சம் கதைக்க வேண்டும்.