ஜிடி86-க்கு எந்த டயர்? மன்னார்குடித் தம்பிக்கு ஒரு பதில்

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, ரொம்ப நாள் ஆசைப்பட்டு செகண்ட் ஹாண்டில் ஒரு டொயோட்டா ஜிடி86 வாங்கிவிட்டேன். பின் டயர் இரண்டும் மொட்டையாகப் போகிற நிலை. விற்றவர் ரேஸ் டிராக்குக்கான செமி ஸ்லிக் டயர் போடச் சொல்கிறார். ஆபீஸில் ஒருவர் ஆல் சீசன் போதும் என்கிறார். அகலமான டயர் போட்டால் கிரிப் கூடுமாமே? எதை வாங்கட்டும்?"

தம்பி, முதலில் வாழ்த்துகள். எடை சுமார் 1250 கிலோ, பின்சக்கர ஓட்டம், முன்னும் பின்னும் ஒரே அளவு டயர். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டப் பழகுவதற்கு இதைவிட நல்ல கார் குறைவு. நான் லீவுக்குக் கும்பகோணம் வந்திருப்பதால் பதில் எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எந்த பிராண்ட் என்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எந்த மாதத்துக்கு வாங்குகிறாய்?

இது அக்டோபர். இப்போது போய்ப் பளபளவென்று ஒரு செட் சம்மர் டயர் வாங்கினால், அதை அனுபவிப்பதற்குள் குளிர் வந்துவிடும். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். ஸ்போர்ட்ஸ் டயரில் அது இன்னும் தெரியும். இந்த நாளில் அங்கே காலை நேரத்தில் வெறும் ஈரச் சாலையில்கூடக் கார் பின்பக்கம் நழுவுவதை நீயே உணர்வாய். அதனால் இந்த மாதம் வாங்க வேண்டியது விண்டர் டயர். ஸ்போர்ட்ஸ் டயரை மார்ச்சில் வாங்கு.

ஜெர்மனியில் தேதி குறித்து விண்டர் டயர் கட்டாயம் கிடையாது. சாலையில் பனி, பனிச்சேறு, ஐஸ், உறைபனி வழுக்கல் இருந்தால் கட்டாயம். அந்த நிலையில் சம்மர் டயரோடு பிடிபட்டால் 60 யூரோ அபராதம், ஃப்ளென்ஸ்பர்க்கில் இருக்கும் போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டில் ஒரு புள்ளி. உள்ளூர்க்காரர்கள் அக்டோபரில் மாற்றி ஈஸ்டரில் கழற்றுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நீயும் அப்படியே செய். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ படம் இருக்கிறதா என்று பார். வெறும் 'எம்+எஸ்' மட்டும் அச்சிட்ட டயர் 2024 அக்டோபரிலிருந்து விண்டர் டயராகக் கணக்கில் வராது. பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு.

ஆல் சீசன் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் குறுவைக்கு ஏடிடி 43 நெல் போட்டவர், சம்பாவுக்கு சி.ஆர். 1009-க்கு மாறுகிறார். 110 நாள் பயிரும் 160 நாள் பயிரும் ஒரே விதையில் வராது. டயர் ரப்பரும் அப்படித்தான். குளிரில் மிருதுவாக இருக்கும் கலவை ஜூலை வெயிலில் வேகமாக வளைவில் திரும்பும்போது நெளியும். வெயிலில் உறுதியாக நிற்கும் கலவை ஜனவரியில் கட்டையாகிவிடும். ஆல் சீசன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊருக்குள்ளேயே ஓடும் சின்னக் குடும்பக் காருக்கு அது நியாயமான தேர்வு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டியரிங் வழியாகச் சாலை கையில் தெரிய வேண்டும் என்றுதானே இந்தக் காரை வாங்கினாய்? அதை நடுவாந்தரமான டயர் போட்டு மழுங்கடிக்க வேண்டாம்.

இரண்டு செட் என்றால் இரட்டைச் செலவு என்று அப்பா கவலைப்படுவார். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேயாமல் ஓய்வில் இருக்கிறது. முதல் வருடம்தான் கை கடிக்கும், அப்புறம் கணக்கு சரியாகிவிடும். விண்டர் டயரைத் தனி ரிம்மிலேயே மாட்டி வைத்துக்கொள். காரின் பேப்பரில் 16 அங்குல அளவுக்கும் அனுமதி இருந்தால் குளிர்காலத்துக்கு அதையே எடு. டயரும் ரிம்மும் மலிவு, பள்ளங்களில் ரிம் அடிபடுவதும் குறைவு. 2014 நவம்பருக்குப் பிறகு பதிவான கார் என்றால் காற்றழுத்த சென்சார் இருக்கும். இரண்டாவது செட் ரிம்மிலும் சென்சார் வேண்டும் என்று கடையில் முன்பே சொல்லிவிடு. வீட்டில் இடம் இல்லையென்றால் கழற்றிய செட்டைக் கடையிலேயே கட்டணத்துக்குப் பாதுகாத்து வைப்பார்கள்.

சரி, மார்ச்சில் வாங்கப்போகும் சம்மர் டயர். உன் காரில் 17 அங்குல ரிம் இருந்தால் அளவு 215/45 ஆர்17, பக்கத்தில் 87 டபிள்யூ என்று இருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 45 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும். இந்த இரண்டிலும் எழுதியிருப்பதற்கு மேலே போகலாம், கீழே போகாதே. விண்டர் டயருக்கு மட்டும் 'வி', அதாவது 240, உன் காருக்குப் போதும்.

இந்த ஜிடி86 பல நாடுகளில் கம்பெனியிலிருந்தே மிஷ்லின் பிரைமசி எச்பி டயரோடு வந்தது. அது ஸ்போர்ட்ஸ் டயர் அல்ல, சாதாரண ரோடு டயர். கார் குறைந்த வேகத்திலேயே மெல்ல நழுவிக் காட்டி ஓட்டுபவரோடு பேச வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிக் கொடுத்தார்கள். இதை உனக்குச் சொல்லக் காரணம், அதே அளவில் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் போட்டாலே கிரிப்பில் பெரிய வித்தியாசம் தெரியும். அகலம் கூட்டத் தேவையே இல்லை.

அகலம் கூட்டினால் காய்ந்த சாலையில் கொஞ்சம் லாபம் கிடைக்கலாம். மழையில் நஷ்டம். அகலமான டயர் முன்னால் கிடக்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ள அதிகம் பாடுபட வேண்டும், அதனால் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். சட்டச் சிக்கலும் உண்டு. காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகளுக்கு வெளியே போட்டால் டூஃப் போன்ற வாகனச் சோதனை அமைப்பில் சோதித்துப் பேப்பரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் காரின் சாலை அனுமதியே போய்விடலாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் தகராறு வரும்.

மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். நீ வண்டி ஓட்டப் பழகியது நம் டெல்டா ரோட்டில். அறுப்பு நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். நடவு நேரத்தில் வயலிலிருந்து ஏறிவரும் டிராக்டர் சேற்றை வழி நெடுகக் கொட்டிப் போகும். அதில் மழை பெய்தால் எவ்வளவு வழுக்கும் என்று உனக்குத் தெரியும், அதனால் தானாகவே மெதுவாகப் போவாய். ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையில், சாலை சுத்தமாக இருக்கும், சுற்றிலும் எல்லோரும் 130-ல் போவார்கள், நீயும் போவாய். 130 என்றால் நொடிக்கு 36 மீட்டர். அந்த வேகத்தில் மழைநீர் தேங்கிய இடத்தில் ஏறும்போது உன்னைக் காப்பது முக்கியமாக டயர் பட்டனின், அதாவது மேலே வெட்டியிருக்கும் பள்ளங்களின், ஆழம்தான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. ஜெர்மனியின் கார் ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி சம்மர் டயருக்கு 3, விண்டர் டயருக்கு 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றச் சொல்கிறது. நீ ஏடிஏசி சொல்வதைக் கேள். மொட்டையாகப் போகிற பின் டயரோடு மழையில் ஆட்டோபான் ஏறாதே. பின்சக்கர ஓட்டக் காரில் பின்னால் பிடிமானம் போனால் கார் சுழன்றுவிடும்.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஒரு லேபிள் இருக்கும். ஈரப் பிடிமானத்துக்கு 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் போட்டிருப்பார்கள். 'ஏ' இல்லாத டயரை இந்தக் காருக்கு எடுக்காதே. ஆனால் அந்தத் தரம் ஈரத்தில் பிரேக் போடுவதை மட்டும்தான் அளக்கிறது. தண்ணீரில் மிதப்பது, வளைவில் நிற்பது, எவ்வளவு நாள் உழைக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. அதற்கு ஏடிஏசி போன்றவர்களின் டயர் சோதனை முடிவுகளைத்தான் படிக்க வேண்டும்.

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் ஆகியவை இந்த வகுப்பில் நம்பி எடுக்கக்கூடியவை. நானாக இருந்தால் மிஷ்லின். மழையிலும் காய்ந்த சாலையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் டயர் முதல் ஸ்போர்ட்ஸ் கார்காரருக்கு நல்லது. பட்ஜெட் இடித்தால் ஃப்ரெடெஸ்டைன் அல்ட்ராக் வரிசையைப் பார். நெதர்லாந்தில் பிறந்த அந்த பிராண்டை 2009-ல் நம் அப்பல்லோ டயர்ஸ் வாங்கியது. பேர் தெரியாத மலிவு டயரை மட்டும் இந்தக் காருக்குப் போடாதே.

செமி ஸ்லிக் வேண்டாம். பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி டயர்கள் சூடேறினால்தான் முழுதாகப் பிடிக்கும், பட்டனும் ஆழம் குறைவு. நீ ஆபீசுக்குப் போகிற காலை 8 டிகிரி மழையில் அது உனக்கு எதிராக நிற்கும். நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கின் 20.8 கிலோமீட்டர் சுற்றில் ஓட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் தடவை சாதாரண ஸ்போர்ட்ஸ் டயரிலேயே போ, அதற்கு முன் இன்சூரன்ஸ் பாலிசியில் அந்த ஓட்டத்துக்குக் காப்பு உண்டா என்று படித்துப் பார்.

நம் ஊரில் இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று ஓட்டுவது சாதாரணம். இந்தக் காரில் நாலையும் ஒரே மாடலாக மாற்று. மாட்டுமுன் பக்கச் சுவரில் தயாரிப்புத் தேதியைப் பார்: 0825 என்றால் 2025-ன் எட்டாவது வாரம். மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடு, முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு. ஏர் அளவை மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்.

டயரோடு சேராத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உன் இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி முடிக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் பதிந்துவிட்டாயா?

அக்டோபரில் டயர் கடைகளில் கூட்டம் நெரியும், இன்றே போன் செய்து தேதி வாங்கு. கார் பேப்பரில் டயர் அளவு இருக்கும் பக்கத்தையும் இப்போதைய டயரின் பக்கச் சுவரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. விண்டர் செட்டின் அளவை நானும் சரிபார்த்துச் சொல்கிறேன்.