அம்மிச்சி வீட்டுச் சுவர்

அன்புள்ள அம்மா,

தாராபுரத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பில் சேர ஆசை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே படிப்பு இருப்பதாகப் படித்தேன். இங்கே கட்டடக்கலைக்கான பி.ஆர்க் சேர்வதா, பி.ஏ. வரலாறா, மாமல்லபுரம் கல்லூரியா என்று குழப்பமாக இருக்கிறது. சிவில் படித்தால் வேலையாவது கிடைக்கும் என்கிறார் அப்பா. கொங்குப் பக்கம் தஞ்சாவூர் மாதிரிப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் எப்படியும் வெளியூர்தான் போக வேண்டும். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டையே மாமா இப்போது சிமென்ட் பூசிப் புதுசாக்கப் போகிறார். எந்தக் கல்லூரி நல்லது என்று சொல்லுங்கள்.

கா., தாராபுரம்

அன்புள்ள கா.,

பி.ஆர்க் சேர், கண்ணு. ஐந்து வருஷப் படிப்பு, நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முடித்தபின் டெல்லி எஸ்.பி.ஏ., போபால் எஸ்.பி.ஏ. என்ற கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களிலும் பாதுகாப்புக்கென்றே முதுகலை இருக்கிறது. கொலம்பியாவில் 1964-லிருந்து நடப்பதும் முதுகலைதான். அதை இப்போது யோசிக்காதே. மாமல்லபுரம் 1957-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி. மரபுப்படி கோயில் கட்டவும் சிலை வடிக்கவும் கற்க அருமையான இடம். உன் ஆசை பழையதைக் காப்பதில் என்பதால் பி.ஆர்க் என்கிறேன். அப்பாவின் கவலைக்கு, கட்டடக்கலை படித்தவள் பட்டினி கிடக்க மாட்டாள் என்று சொல்.

"பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. உன் ஊரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரும் தூரத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம் அதுதான். பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து, கல்மணிப் பட்டறை, இரும்பு உருக்கிய உலை எல்லாம் மண்ணுக்கடியிலிருந்து வந்தன. விஜயமங்கலத்தில் சமணக் கோயில் நிற்கிறது. புலியோடு பொருது செத்தவனுக்கு நட்ட புலிகுத்திக் கல் நம் காடுகளில் எத்தனை! எண்ணெய் பூசி, பெயின்ட் அடித்து, சில இடங்களில் வேட்டைக்காரசாமி என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கோபுர உயரத்தை வைத்து ஊரை எடை போடாதே.

இனி நீ போகிற போக்கில் எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். சிமென்ட் பூச்சு. கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதும் அதுதான்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு இருந்தது. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. ஐப்பசி மழையில் சுவரடியில் ஓதம் ஏறும், தை பிறப்பதற்குள் தானாகக் காய்ந்துவிடும். அப்புச்சி வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பார், அவ்வளவுதான் பராமரிப்பு. மகள் கல்யாணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று என் மாமா அந்த ஓதத்தை நிறுத்தப் பார்த்தார். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு வழவழவென்று சிமென்ட் பூசினார்கள். கல்யாணத்துக்கு அழகாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த மழைக்காலங்களில் சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. நான் போயிருந்தபோது அங்கே விரலை வைத்து அழுத்தினேன். செங்கல் செந்தூளாக உதிர்ந்தது. சிமென்ட்டுக்குப் பின்னாலும் அதே கதைதான், தட்டினால் பொந்து சத்தம் கேட்டது.

ஏன் என்று புரிந்துகொள். சுவர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், கூடவே மண்ணின் உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். உப்பு சேர்ந்தாலும் காரைதான் பொரிந்து விழும், செங்கல் பிழைக்கும். காரையைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமென்ட் இறுக்கமானது, ஈரத்துக்கு எளிதில் வழிவிடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கும். பழைய செங்கல்லைவிடச் சிமென்ட் பூச்சு கெட்டி, சுவரோடு சேர்ந்து அசையாது. விரிசல் விடும், விரிசலில் மழை இறங்கும், இறங்கியது வெளியே வராது. கடைசியில் "பழைய சுவரு, பலமில்லீங்க" என்று கொத்தனார் சொன்னார், வீட்டை இடித்தார்கள், மரத்தூண்களை வியாபாரி லாரியில் ஏற்றிப் போனார். பலமாக இருந்த சுவரைப் பலமில்லாமல் ஆக்கியது அந்த மூன்றடிப் பூச்சு.

மாமாவைக் குறை சொல்லவில்லை. வீட்டின் மேல் பாசம் இருந்ததால்தான் செலவு செய்தார். அக்கறையில்லாத வீடு மெதுவாகத்தான் விழுகிறது. அக்கறையும் சிமென்ட்டும் சேர்ந்த வீடு சீக்கிரம் போய்விடுகிறது. கோயில் திருப்பணியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கருங்கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள், அழுக்கோடு கல்வெட்டு எழுத்தும் மழுங்கிப்போகும். எல்லாம் பக்தியோடு செய்வதுதான்.

சட்டம் காக்கும் என்று நினைக்காதே. 1958-ம் வருஷத்து மத்திய சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்கிறது. 1966-ல் வந்த மாநிலச் சட்டமும் அரசு அறிவித்த சின்னங்களுக்குத்தான். உன் அம்மிச்சி வீடு எந்தப் பட்டியலில் இருக்கிறது? அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு உன் மாமாவின் மனசு. இன்றைக்கே போய்ப் பேசு. படிப்பு முடித்துவிட்டுப் பேசலாம் என்றிருந்தால் பேசுவதற்குச் சுவர் இருக்காது. பூசியே ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பில் பூசச் சொல். மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வாட்டம் பார்த்து ஓட விடச் சொல். பாதி ஓதம் அதிலேயே அடங்கிவிடும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதே. மாணவர்கள் தங்கள் கையால் சுண்ணாம்பு நீற்றியிருக்கிறார்களா, பழைய வீடு ஒன்றை நாடா பிடித்து அளந்து வரைந்திருக்கிறார்களா என்று கேள். வரைந்த தாள்களைக் காட்டச் சொல். காட்ட ஒன்றுமில்லாத கல்லூரி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உனக்கு வேண்டாம்.

பரீட்சை முடிந்ததும் காரை வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடி. உங்கள் பக்கத்தில் நிச்சயம் யாராவது இருப்பார், வயசானவராக இருப்பார். சுண்ணாம்புக்கு மணல் எத்தனை பங்கு, எத்தனை நாள் புளிக்க வைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் எப்போது சேர்ப்பது, கருப்பட்டி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள். வாயால் சொன்னால் பாதிதான் வரும். ஒரு சட்டி கலக்கிக் காட்டச் சொல், கூட நின்று நீயும் கலக்கு. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடு, அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்.