12 ஆண்டுகளாக எங்கே இருந்தது புற்றுநோய்?

கேள்வி: என் அம்மாவுக்கு 12 ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. இப்போது அதே நோய் எலும்பில் தெரிகிறது என்கிறார்கள். இவ்வளவு காலம் அது எங்கே இருந்தது? உடம்பைச் சரியாகக் கவனிக்காததால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று அம்மா தன்னையே நொந்துகொள்கிறார். அதைக் கூட்டும் மாத்திரைகள் கொடுக்கலாமா?

– வாசகி ஒருவர்

பதில்: இது அவர் செய்த எந்தத் தவறாலும் வந்ததல்ல என்று அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். கட்டியை அகற்றுவதற்கு முன்பே அதிலிருந்து பிரிந்த சில செல்கள், ரத்தத்தின் வழியே எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களை அடைந்து, பெருகாமல் உறங்கிக் கிடக்கக்கூடும். கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களையே தாக்குவதால் இவை தப்பிவிடுகின்றன, ஸ்கேனிலும் அகப்படுவதில்லை.

இவற்றை அடக்கி வைப்பவற்றுள் ஒன்று நோய் எதிர்ப்பு மண்டலம். புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருளைச் செலுத்திய பிறகும் நெடுநாள் கட்டி வளராதிருந்த எலிகளில், நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ராபர்ட் ஷ்ரைபரின் குழுவினர், புற்றுச் செல்களைத் தாக்கும் எதிர்ப்பு மண்டலச் செல்களான டி செல்களை முடக்கிப் பார்த்தபோது, பலவற்றில் கட்டிகள் வளரத் தொடங்கியதை 2007-இல் வெளியிட்டார்கள். மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று 16 ஆண்டுகளுக்குப் பின் இறந்த ஒருவரின் சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்குமே அந்நோய் தோன்றியதாக 2003-இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. கொடையாளரின் உடலில் அடங்கியிருந்த செல்கள், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களிடம் விழித்துக்கொண்டன. ஆனால் இதை வைத்து உங்கள் அம்மாவுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. செல்லின் உள்மாற்றங்கள், சுற்றியுள்ள திசு, ஹார்மோன் என உறக்கத்தைக் கலைப்பவை பல.

மாத்திரைகள் வேண்டாம். உறங்கும் புற்றுநோய்ச் செல்களை அவை கட்டுப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை; சில, சிகிச்சை மருந்துகளோடு மோதவும் கூடும். நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபி என்ற சிகிச்சை வேறு. டி செல்கள் அளவுமீறிச் செயல்படாதிருக்க அவற்றில் பிடி-1 போன்ற தடுப்புகள் இயற்கையாகவே உள்ளன. புற்றுநோய் அவற்றையே பயன்படுத்தித் தப்பிக்கிறது. அந்தத் தடுப்பை நீக்கும் வழியைக் காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எனினும் மார்பகப் புற்றுநோயில் இம்மருந்துகள் பெரிதும் பயன்படுவது ஹார்மோன் ஏற்பிகளும் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்), செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுதியாகவும் இல்லாத வகையில்தான். பல ஆண்டுகள் கழித்துத் திரும்புவதோ பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பி உள்ள வகை. அதற்கு ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளே முதன்மை. ஏற்பிகளின் நிலை இடைக்காலத்தில் மாறியிருக்கக்கூடும் என்பதால், எலும்பிலிருந்து பயாப்ஸி (திசு மாதிரி) எடுத்து அவற்றை மீண்டும் சோதிக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.