மலையில் பழைய ப்ரீஆம்ப் வாங்குவது: கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் கேட்டவை. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஈரத்தைப் பற்றிய மிச்சம் நம் தலையெழுத்து.

ஊட்டி: அண்ணா, நான் போனிலும் சிடியிலும்தான் பாட்டு கேட்கிறேன். இன்டக்ரேட்டட் ஆம்ப் இருக்கிறது. ஒரு ப்ரீஆம்பும் வாங்கினால் ஒலி நன்றாகுமா?

வேண்டாம் தம்பி. உங்கள் ஆம்புக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. எந்தக் கருவியைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது, ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது, இசைத்தட்டின் சின்ன சிக்னலைப் பெரிதாக்குவது, இவ்வளவுதான் அதன் வேலை. தனி பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) வைத்திருப்பவருக்குத்தான் தனி ப்ரீஆம்ப் தேவை. அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் தேடுங்கள்.

குன்னூர்: தாத்தாவின் இசைத்தட்டுகள் நிறைய இருக்கின்றன. டர்ன்டேபிள் வாங்கிவிட்டேன். ஃபோனோ (இசைத்தட்டுக்கான உள்ளீடு) உள்ள ப்ரீஆம்பில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சின்னத் துண்டு) எம்எம்மா (நகரும் காந்தம்) எம்சியா (நகரும் சுருள்) என்று பாருங்கள். எம்எம் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதற்கு 47 கிலோ ஓம் உள்ளீடும் சுமார் 40 டெசிபல் பெருக்கமும் வேண்டும். எம்சி பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்குள் நின்றுவிடும், அதற்கு 60 டெசிபல் அளவில் வேண்டும். பழைய ப்ரீஆம்புகள் பலவற்றில் எம்எம் மட்டும்தான் இருக்கும். எம்சி கார்ட்ரிட்ஜை அதில் மாட்டினால் வால்யூமை முழுக்கத் திருப்பியும் பாட்டு தூரத்தில்தான் கேட்கும், இரைச்சல் மட்டும் பக்கத்தில் இருக்கும்.

தாத்தாவின் தட்டுகளில் 78 சுற்றுத் தட்டுகள் உண்டா? எல்பி என்னும் 33 சுற்றுத் தட்டுக்கான ஊசியை அதில் வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்குத் தனி ஊசி. ப்ரீஆம்புக்குள் இருக்கும் ஆர்ஐஏஏ திருத்தம் (பதிவின்போது கூட்டிய மேல்ஸ்தாயியையும் குறைத்த கீழ்ஸ்தாயியையும் சமன் செய்வது) 1954-ஐ ஒட்டி நிலைபெற்றது. அதற்கு முந்தைய தட்டுகளில் மேல்ஸ்தாயி மங்கிக் கேட்கலாம். டோன் குமிழ் (மேல், கீழ்ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைப்பது) உள்ள ப்ரீஆம்ப் இங்கேதான் கைகொடுக்கும். டோன் குமிழே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் 78 கேட்பதில்லை.

கோத்தகிரி: நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன் சார். என்ன சோதனை செய்வது?

கையோடு ஒரு மல்டிமீட்டர், ஹெட்போன், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு. போனதும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆடியோ ஒயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், பளபளக்கும் முன்பக்கத்தை நம்பாதீர்கள். வெளியே களிம்பு என்றால் உள்ளே செலக்டர் ஸ்விட்சின் வெள்ளிப் பூச்சும் கறுத்திருக்கும். மழை மாதங்களில் எந்த அறையில் வைத்திருந்தார்கள் என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். "ஸ்டோர் ரூம்" என்று பதில் வந்தால் விலையை நீங்கள் சொல்லலாம்.

அப்புறம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு ஏறிய பிறகுதான் சில கோளாறு தலைகாட்டும். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூம் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் பெரிய குற்றமில்லை, பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரில் சரியாகிவிடும். ஆனால் டபிள்யூடி-40 அடித்ததாக விற்பவர் பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். அந்த எண்ணெய்ப் பசை உள்ளே தங்கித் தூசியைச் சேர்க்கும். மிகக் குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். இரவில் மெதுவாகக் கேட்பவருக்கு அது தினசரித் தொல்லை.

மல்டிமீட்டரை டிசியில் 200 மில்லிவோல்ட்டில் வைத்து, வெளியீட்டு சாக்கெட்டின் நடுமுனையிலும் வளையத்திலும் தொடுங்கள். சில மில்லிவோல்ட் என்றால் நல்லது. நூறைத் தாண்டினாலோ ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலோ உள்ளே கெபாசிட்டர் கசியக்கூடும். அதை உங்கள் பவர் ஆம்போடு இணைத்துப் பார்க்காதீர்கள், ஸ்பீக்கர் பலியாகலாம்.

கூடலூர்: எல்லா விளக்கும் எரிகிறது, சத்தமே இல்லை. "ரிப்பேர்" என்று குறைந்த விலைக்குத் தருகிறார்.

டேப் மானிட்டர் பொத்தான் (டேப் டெக்கின் ஒலிக்கு மாற்றுவது) அமுங்கியிருக்கிறதா பாருங்கள். அமுங்கியிருந்தால் கருவி, அங்கே இல்லாத டேப் டெக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். என்ஏடி 3020 போன்ற ஆம்பாக இருந்தால் பின்னால் ப்ரீஅவுட்டையும் (ப்ரீஆம்பின் வெளியீடு) மெயின்இன்னையும் (பவர் ஆம்பின் உள்ளீடு) சேர்க்கும் வளைந்த கம்பிகள் தொலைந்திருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

குன்னூர்: எஸ்டேட் பங்களாவில் சாமான்களை விற்கிறார்கள். குவாட் 33 ப்ரீஆம்பும் 303 பவர் ஆம்பும் ஜோடியாக இருக்கின்றன. எடுக்கலாமா?

ஜோடியாகக் கிடைத்தால் எடுங்கள். 1967-இல் வந்த இங்கிலாந்துச் சரக்கு, அதனால் நம் மின்சாரத்தோடு தகராறு இல்லை. இருந்தாலும் பின்னால் வோல்டேஜ் அமைப்பு எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். சாக்கெட்டுகள் பல முனை கொண்ட டின் (DIN) வகை, ஆர்சிஏவுக்கு மாற்றும் ஒயர் வேண்டும். சிடி பிளேயரின் 2 வோல்ட் 33-க்கு மிக அதிகம். நடுவில் ஒரு அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) போடாவிட்டால் குமிழைத் தொட்டதுமே அலறும். இத்தனை வயதில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் மாற்றப்பட்டிருக்காவிட்டால் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

ஊட்டி: ஜப்பானிலிருந்து வந்த ப்ரீஆம்ப், 100 வோல்ட்.

230-இல் நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். ப்ரீஆம்ப் குடிக்கும் மின்சாரம் கொஞ்சம்தான், 100 விஏ (டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) தாராளம். ஜப்பானிலேயே கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 என்பதால் நம் 50 ஹெர்ட்ஸில் கவலையில்லை. டிரான்ஸ்ஃபார்மரை ஃபோனோ ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் "உம்ம்" என்று உறுமும்.

கொடைக்கானல்: வால்வு (கண்ணாடிக் குழாய்) ப்ரீஆம்ப் மேல் ஆசை அண்ணா. இந்தக் குளிருக்கு ஒத்துவருமா?

குளிர் அதற்கு ஒன்றும் செய்யாது. இசிசி83 வால்வுதான் என்றால் (12ஏஎக்ஸ்7 என்பதும் அதுவே) இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அரிய வால்வு என்றால் விட்டுவிடுங்கள். வால்வு வெளியே தெரியும்படி இருந்தால், ஓடும்போது அதைப் பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்ததுபோல் கேட்டால் அந்த வால்வு போகும் வழியில் இருக்கிறது. மூடியைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே 200, 300 வோல்ட் நிற்கும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏற்றி வரும்போது, வெளியே தெரியும் வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள்.

கோத்தகிரி: வாங்கி வந்த பிறகு எப்படிப் பராமரிப்பது?

குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் வைத்ததும் போடாதீர்கள், உள்ளே நீர் பூக்கும். சில மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில், கூடலூர்க்காரர்களுக்கு ஆடியிலேயே, தினமும் சிறிது நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கேபிள் டிவி பெட்டியிலிருந்து ஆம்புக்கு ஒயர் போகிறதென்றால் அதையும்.