சைனில் ஏன் ஒரு ஜி?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கிறோம். தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கிறாள்; எழுதச் சொன்னால் மட்டும் காதில் விழுந்தபடியே எழுதிவிடுகிறாள். ‘சைன்’ என்பதில் ஜி வராது. ‘டாக்டர்’ டி-ஏ என்று தொடங்கும். தவறிய சொல்லைப் பத்து முறை எழுத வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பத்து முறை எழுதினால் கை பழகும். அந்த ஜி அங்கே ஏன் நிற்கிறது என்பது மட்டும் பிடிபடாது. ‘சைன்’ என்ற சொல்லுக்குக் கீழே ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ இரண்டையும் எழுதி, மூன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதல் சொல்லில் ஊமையாக இருக்கும் ஜி மற்ற இரண்டிலும் வாய் திறப்பதை அவளே கண்டுகொள்வாள். இரண்டைக் குறிக்கும் ‘டூ’வில் கேட்காத டபிள்யூ, ‘ட்வைஸ்’, ‘ட்வென்டி’ ஆகியவற்றில் கேட்கிறது. கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ஒலிக்காத பி, வங்கிப் புத்தகத்தின் ‘டெபிட்’டில் ஒலிக்கிறது. (இந்த பி பழைய ஆங்கிலச் சொல்லில் இல்லை, லத்தீன் மூலத்தை நினைவில் வைத்துப் பிற்காலத்தில் நுழைத்தார்கள்.) ஆங்கிலத்தில் உச்சரிப்பு மாறினாலும் எழுத்து பெரும்பாலும் உறவை விடுவதில்லை. ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ என்று ஒரே ககரத்தை மூன்று விதமாக ஒலிக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

விகுதிகளில் பிள்ளைகளை அதிகம் குழப்புவது ‘ஷன்’ என்ற முடிவு. அதை ஒரே துண்டாகக் கற்பிப்பதுதான் கோளாறு என்பது என் எண்ணம். ‘ஆக்ட்’ என்பதோடு ஐ-ஓ-என் சேர்ந்தால் ‘ஆக்‌ஷன்’. டி ஏற்கெனவே பகுதியில் இருக்கிறது. ‘டிஸ்கஸ்’ இரட்டை எஸ்ஸில் முடிவதால் ‘டிஸ்கஷன்’ என்பதிலும் அந்த இரண்டும் அப்படியே நிற்கும். ‘எலக்ட்ரிக்’ என்பதன் சியோடு ஐ-ஏ-என் சேர்ந்தால் ‘எலக்ட்ரீஷியன்’. தமிழில் பகுதி, விகுதி பிரித்துப் பழகிய பிள்ளைக்கு இது பழைய பாடமே. ‘பெர்மிட்’, ‘பெர்மிஷன்’ என்று பகுதியே திரிந்துவிடும் சொற்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

‘டாக்டர்’ விஷயத்தில் உங்கள் ஊருக்கே ஒரு வசதி இருக்கிறது. மலையாளத்தில் அது ‘டோக்டர்’. நம்முடைய ஆபீஸ், காலேஜ், ஹாஸ்பிட்டல் எல்லாம் அங்கே ‘ஓஃபீஸ்’, ‘கோளேஜ்’, ‘ஹோஸ்பிட்டல்’. நம்மவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் நம் நாக்கு விழுங்கிய ஓ என்ற எழுத்தை அவர்கள் உச்சரிப்புதான் காட்டிக்கொடுக்கிறது. மலையாள எழுத்தும் தெரிந்த பிள்ளை என்றால், மருத்துவமனைப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னாலே போதும். அதே சொல்லின் இறுதியில் வரும் ஓ-ஆருக்கு, ‘எடிட்டர்’, ‘எடிட்டோரியல்’ என்ற இணையைக் காட்டுங்கள். மங்கிய ஓ இரண்டாவதில் துலங்கும்.

உறவு கைவிடும் இடங்களும் உண்டு. ‘ஃபோர்’ என்பதில் உள்ள யூ ‘ஃபார்ட்டி’யில் இல்லை, ‘ப்ரொனவுன்ஸ்’ என்பதில் யூவுக்கு முன் இருக்கும் ஓ ‘ப்ரொனன்சியேஷன்’ என்பதில் காணாமல் போகிறது. இவற்றுக்கு மட்டும் உங்கள் பத்து முறையை வைத்துக்கொள்ளுங்கள்.