சேர்ந்து வரலாமா, தனியாக வரலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஆலோசகரான எனக்கு வந்த கேள்விகள் இவை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கவுன்சலிங் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார் கணவர். நான் மட்டும் வந்தால் பயன் உண்டா? (சாட்ஸ்வொர்த்)

தாராளமாக வாருங்கள். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். சண்டைக்கும் அதே கணக்குதான்; ஒரு கை வேறு மாதிரி அசைந்தாலே ஓசை மாறும். போன வாரச் சண்டை எப்படித் தொடங்கியது, அப்போது உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்பேன். நெஞ்சு படபடக்கும்போது யார் சொல்லும் நியாயமும் காதில் ஏறாது. "கொஞ்ச நேரம் கழித்துப் பேசலாம், திரும்பி வருகிறேன்" என்று சொல்லி விலகி, சொன்னபடி திரும்பி வருவதை ஒருவர் பழகினாலே வீடு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் செய்ய மாட்டேன். வராதவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர் பக்கத்தை நான் கேட்கவில்லையே.

கேள்வி: தம்பதியாக வரும்போது இடையில் தனித்தனியாகவும் பார்ப்பீர்களாமே. அப்போது சொல்வது மற்றவருக்குப் போகுமா? (ஃபீனிக்ஸ்)

நான் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால், இன்னும் தொடர்கிற வேறு உறவு போல, இருவரின் பேச்சையே பொய்யாக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு சேர்த்து உட்கார வைக்கவும் மாட்டேன். நீங்களே சொல்ல அவகாசம் தருவேன். எப்படிச் சொல்வது என்பதற்குத் துணை நிற்பேன். விருப்பமில்லை என்றால் தம்பதி ஆலோசனையை நிறுத்திவிடுவேன். முதல் நாளே இதை எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் ரகசியம் காக்க முடியாது. குழந்தை விஷயத்தில் புகார் செய்யச் சட்டமே சொல்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. ஜோகன்னஸ்பர்கில் இன்னொரு பையனோடு குடும்பமாக வாழ்கிறான். கோயிலில் முகம் காட்ட முடியவில்லை. கவுன்சலிங் கொடுத்து மாற்ற முடியுமா? (மெரபேங்க்)

முடியாது, அம்மா. முயலவும் மாட்டேன். ஒரே பாலினத்தவரை விரும்புவது நோய் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது; உலக சுகாதார நிறுவனம் 1990-இல் எடுத்தது. மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் சிக்கிய பிள்ளைகள் பலர் மனச்சோர்விலும் தற்கொலை எண்ணத்திலும் போய் முடிகிறார்கள். நம் நாட்டின் 1996 அரசியலமைப்பு இந்தக் காரணத்தால் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. 2006 நவம்பர் 30 முதல் அவர்கள் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் சொன்னால் உங்கள் வலி தீராது என்று எனக்குத் தெரியும். பந்தல், மருமகள், பேரப்பிள்ளை என்று இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த படம் கலைந்துபோனது. அது இழப்புதான். அழ உங்களுக்கு இடம் வேண்டும். மகனைக் கூட்டி வராமல் நீங்கள் மட்டும் வாருங்கள். அதற்கு முன்னால் ஒன்று: அவனோடு இந்தப் பேச்சே எடுக்காமல் கடைசியாக எப்போது பேசினீர்கள்? இன்று போன் செய்து "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். நம் வீடுகளில் பாசத்தை அப்படித்தானே கேட்போம். அடுத்த வாரம் "அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்றும் கேட்க முடிந்தால், அதைவிடப் பெரிய மருந்து என்னிடம் இல்லை. கோயிலில் விசாரிக்கிறவர்களுக்கு "நல்லா இருக்கான்" போதும்.

இப்படி இணைந்து வாழ்கிறவர்கள் என்னிடம் வரும்போது மற்ற ஜோடிகளிடம் கேட்பதையேதான் கேட்கிறேன்: சமையல் யார், எந்த வீட்டுக்கு எவ்வளவு பணம் போகிறது, தீபாவளிக்கு யார் வீடு? என் படிவத்தில் 'கணவர்', 'மனைவி' என்ற கட்டங்கள் இல்லை. 'துணை' என்றுதான் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் காவடி எடுக்கிற குடும்பம். மனைவி பெந்தெகொஸ்தே சபை. குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டில் விளக்கேற்றுவதே சண்டையாகிறது. யார் சரி? (டொங்காட்)

அதைச் சொல்வது என் வேலை இல்லை, தம்பி. விளக்கு உங்களுக்கு யாரை நினைவூட்டுகிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் காத்து வைத்த சாமி அது என்று உங்களுக்கு இருக்கலாம். கஷ்டகாலத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது சபைதான் என்று அவருக்கு இருக்கலாம். ஒருவர் சொல்லும்போது மற்றவர் மறுக்காமல் கேட்க வேண்டும். அப்புறம் பொதுவாகப் பேசாமல், ஒரு நாளை எடுத்துப் பேசுங்கள். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அன்றே சபையிலும் ஆராதனை. அந்த நாளில் குழந்தை காலையில் எங்கே, மாலையில் எங்கே? இதை முடிவு செய்துவிட்டால் விளக்கையும் பேசித் தீர்க்கலாம்.

கேள்வி: இரண்டு முறை அறைந்துவிட்டார். போனைத் தினமும் சோதிக்கிறார். இப்போது அவரே "சேர்ந்து கவுன்சலிங் போவோம்" என்கிறார். போகலாமா? (பைன்டவுன்)

சேர்ந்து வேண்டாம். நீங்கள் தனியாக வாருங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லும் உண்மைக்கு வீட்டில் போய் அடி வாங்க நேரலாம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பெரியவர்கள் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எல்லாரையும் ஏற்றுக்கொள்கிற அறைதான் என்னுடையது. அடிப்பதை ஏற்கிற அறை இல்லை. 1998 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும், ஒரே பாலினத் துணைவர்களுக்கும் அது பொருந்தும். வக்கீல் கட்டாயமில்லை. அவசரம் என்றால் பாலின வன்முறைக்கான அரசு உதவி எண் 0800 428 428. இலவசம், இரவு பகல் எடுப்பார்கள். அவர் பார்க்கிற போனிலிருந்து அழைக்காதீர்கள்.

கேள்வி: ஆலோசகர் முறையாகப் படித்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வெருலம்)

பதிவு எண் கேளுங்கள். உளவியலாளர்களும் பதிவு பெற்ற ஆலோசகர்களும் எச்.பி.சி.எஸ்.ஏ. (HPCSA) என்ற தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். சமூகப் பணியாளர்களுக்கு எஸ்.ஏ.சி.எஸ்.எஸ்.பி. (SACSSP) என்ற சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சில். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் வேறு ஒருவரிடம் போங்கள்.