கார் ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா? சில கேள்விகளும் பதில்களும்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில்தான் எல்லாருடைய ஏசியும் படுத்துக்கொள்ளும். இருபது வருஷத்துக்கு மேலாகத் திருச்சியில் கார் ஏசி வேலை பார்க்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

என் கார் 2016 மாடல். மூன்று வருஷமாக ஒவ்வொரு சித்திரையிலும் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று நிரப்பித் தருகிறார்கள். வருஷம் ஒருமுறை நிரப்பித்தான் ஆக வேண்டுமா? (கரூர்)

வேண்டாம் சார். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வு, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் மிக மெதுவாகக் கசியும், உண்மைதான். ஆனால் அது தெரிய பல வருஷம் ஆகும். வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. டியூப் பஞ்சரை ஒட்டாமல் தினமும் காற்று அடிப்பதுபோல உங்களிடம் காசு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க முதலில் என் விரலைத்தான் நம்புவேன். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் சேர்ந்து வரும். அதில் தூசி ஒட்டி ஈரமான கறுப்புத் திட்டாக இருக்கும். போன மாதம் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. முன் கிரில்லைக் கழற்றி, கண்டென்சரின் கீழ் மூலையில் துணியை வைத்துத் துடைத்தேன், பிசுபிசுவென்று வந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் மிளகு அளவுக்கு நுரை, ஒன்றன்பின் ஒன்றாக. ரோட்டுக் கல் பட்ட ஓட்டை. அதற்கு முன் அந்த வண்டியில் இரண்டு முறை கேஸ் அடித்திருந்தார்கள்.

வெளியே ஒன்றும் அகப்படாவிட்டால் யூவி விளக்கில் ஒளிரும் சாயத்தை (யூவி டை) உள்ளே போட்டுச் சில நாள் ஓட்டிவிட்டு விளக்கு அடித்துப் பார்ப்போம். கூலிங் காயிலில் லீக் என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை அது. ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் டியூப் வாயில், கேஸ் கசிவைக் காட்டும் லீக் டிடெக்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு கழற்றினால் போதும்.

அண்ணா, ஆன்லைனில் கேஸ் கேனும் ஹோஸும் சேர்த்தே கிடைக்கிறது. வீட்டிலேயே நானே அடித்துக்கொள்ளலாமா? (ஓசூர்)

தம்பி, வேண்டாம் என்பேன். காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏசி லைனில் இரண்டு பக்கம் உண்டு: அழுத்தம் குறைந்த லோ சைடு, அழுத்தம் கூடிய ஹை சைடு. நல்ல வெயிலில் ஏசி ஓடும்போது லோ சைடில் 30 முதல் 45 பி.எஸ்.ஐ. இருக்கும். ஹை சைடில் 200, 250 என்று நிற்கும். சாதாரண கேன் அதைத் தாங்குவதற்குச் செய்தது அல்ல. ஓடும் வண்டியில் ஹை சைடோடு கேனைச் சேர்த்தால் கேஸ் திரும்பிக் கேனுக்குள் பாய்ந்து, கேன் கையிலேயே வெடிக்கும். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்றுதான் இரண்டு போர்ட்டுக்கும் வேறு வேறு அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அடாப்டர் தேடி மாட்டுகிற கெட்டிக்காரர்களும் நம் ஊரில் உண்டு.

அடுத்தது, உங்களைப் போன்றவர்கள் வாங்கும் கேனில் பெரும்பாலும் இருக்கும் கேஸான ஆர்-134ஏ. அதன் திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். தோலில் பட்டால் சதை உறையும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடாமல் என் கடையில் யாரும் ஹோஸைத் தொடக் கூடாது. காற்றைவிடக் கனமானதால் மூடிய ஷெட்டிலும் குழியிலும் கீழே தேங்கி மூச்சு முட்ட வைக்கும். பக்கத்தில் பீடியோ கேஸ் அடுப்போ எரிந்தால், அந்தச் சூட்டில் சிதைந்து நச்சு வாயுவாகும்.

மூன்றாவது, அளவு. பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் பெயரும் கிராமும் போட்டிருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான். உள்ளே மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தால் சரியாகத் தெரியாது. அதிகமாகப் போனால் குளிர்ச்சி கூடாது, குறையும், கம்ப்ரஸரும் திணறும். பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, எடை போட்டு நிரப்புவதே முறை. காற்றில் திறந்துவிடவும் கூடாது. 1 கிலோ ஆர்-134ஏ, நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

கடைசியாக, அந்தக் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2011இல் குளிரூட்டிய கப்பல் கன்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தது ஆர்-40 (மெத்தில் குளோரைடு) கலந்த போலி கேஸ். அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளை அது உண்டாக்கும். கார் கண்டென்சரும் அலுமினியம்தான்.

கண்டென்சர் மாற்றிவிட்டு வாக்யூம் போடாமலே கேஸ் அடித்தார்கள். இப்போது இருபது நிமிஷம் குளிர்கிறது, அப்புறம் வெறும் காற்று. (மதுரை)

உள்ளே ஈரம் போயிருக்கும். எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளையில் அது ஐஸாகி அடைக்கிறது, நிறுத்தினால் உருகுகிறது. வாக்யூம் என்றால் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. நல்ல வாக்யூமில் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்காகத்தான் குறைந்தது அரை மணி நேரம் போடுகிறோம். பம்பை நிறுத்திய பின் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லைனைத் திறந்தால் ஈரம் உறிஞ்சும் ட்ரையரும், இணைப்புகளில் உள்ள ரப்பர் ஓ ரிங்கும் புதுசு போடுவதுதான் முறை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: குளிர்ச்சியோடு காற்றின் வேகமும் குறைந்தால், உறைவது வால்வு இல்லை, கூலிங் காயில். அது சென்சார் கோளாறாக இருக்கலாம்.

லீக் பார்க்கப் பஞ்சர் கடைக் காற்றை அடிக்கலாமா? (தேனி)

கூடவே கூடாது. அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். போதாததற்கு, ஆர்-134ஏ சாதாரணமாக எரியாது, அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் எரியக்கூடும். ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன்தான் சரி. வெல்டிங் ஆக்சிஜனை அடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் குண்டு.

ஹைவேயில் ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் போய்விடுகிறது. (சென்னை)

முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கண்டென்சரில் புழுதி அடைத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷ் அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிவிடும். இஞ்சின் நின்றிருந்தாலும் அந்த ஃபேன் திடீரென்று சுற்றும். துண்டு, துப்பட்டா, விரல் எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

எலெக்ட்ரிக் காருக்கும் இதே வேலைதானா? (கோவை)

இல்லை. கம்ப்ரஸர் பல நூறு வோல்ட்டில் ஓடுகிறது. ஆரஞ்சு வயரைக் கண்டால் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது. அதற்குள் மின்சாரம் கடத்தாத தனி ஆயில். சாதாரண கார் கம்ப்ரஸருக்குப் போடும் பிஏஜி ஆயில் மிச்சம் ஹோஸில் இருந்தாலே வம்பு.

ஃபிரான்ஸில் இருக்கிறேன், 2019 கார். அதற்கான ஏசி கேஸ் ஆர்-1234ஒய்எஃப், விலை அதிகம். 134ஏ போட்டால் ஓடாதா? (பாரிஸ்)

ஓடும், ஆனால் அங்கே சட்டப்படி கூடாது. ஐரோப்பாவில் 2017 முதல் விற்கும் புது கார்களுக்கு ஆர்-134ஏ தடை. உங்கள் கேஸ் லேசாகத் தீப்பிடிக்கும் வகையும்கூட. சான்றிதழ் உள்ள மெக்கானிக்கிடமே விடுங்கள்.

ஏசி போட்டுக்கொண்டு காரில் தூங்கினால் ஏசி கேஸால் செத்துப்போவார்களாமே? (சேலம்)

பெரும்பாலும் ஏசி கேஸ் இல்லைங்க, இஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. வாசனையே கிடையாது. மூடிய ஷெட்டிலோ சைலன்சர் ஓட்டையாக இருந்தாலோ வண்டிக்குள் ஏறிவிடும். இஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள்.

ஏசி போட்டதும் ஈரச் சாக்ஸ் நாற்றம். பக்கத்து சீட்டுக் கால்மிதியும் நனைகிறது. (தஞ்சாவூர்)

டிரெயின் டியூப் அடைப்பும்மா. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்குகிறது. காரை நிறுத்தி அடியில் பாருங்கள், சொட்டவே சொட்டாது. டியூபைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள், பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். வீடு வருவதற்கு மூன்று நிமிஷம் முன்பே ஏசியை அணைத்து வெறும் ஃபேனை ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். நனைவது பிசுபிசுப்பாக இருந்து, இனிப்பு வாடையும் வந்தால் அது இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அப்படியென்றால் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.